தராசு கேட்கும் இலை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சிறு விவசாயிகள் பயிர் ரகத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களுடைய உற்பத்தித் திறன் எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பது எனக்குத் தந்த பொருள். இதை உலகத்துக்கெல்லாம் பொதுவாகப் பேசினால் யாருடைய தோட்டத்துக்கும் பொருந்தாத பேச்சாகப் போய்விடும். அதனால் நீலகிரித் தேயிலையை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். நடுவில் கென்யாவுக்கும் இலங்கைக்கும் போய் வர வேண்டியிருக்கும். அந்த இரண்டு நாடுகளிலும் சிறு விவசாயிகள்தாம் தேயிலையில் பெரும்பங்கை விளைவிக்கிறார்கள். இந்தியாவிலும் இன்று மொத்தத் தேயிலையில் பாதிக்கு மேல் அவர்கள் கையிலிருந்துதான் வருகிறது. தேயிலை என்றதும் துரைமார் பங்களாவும் எஸ்டேட்டும் நினைவுக்கு வரும் பழக்கத்தை நாம் எப்போதோ விட்டிருக்க வேண்டும்.

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு ஹட்டி, அதாவது படுகர் ஊர். அங்கே ஒரு குடும்பத்துக்கு முக்கால் ஏக்கர், ஒன்றரை ஏக்கர் என்று தேயிலை இருக்கிறது. பாதிச் செடிகள் தாத்தா காலத்தில் விதை போட்டு வளர்த்தவை. ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒன்று முன்னால் துளிர்க்கும், பக்கத்துச் செடி பின்னால் துளிர்க்கும். அதே மாவட்டத்தில், பெரிய எஸ்டேட்டுகளில், ஒற்றைக் கணுப் போத்திலிருந்து வளர்த்த குளோன் செடிகள் வரிசையாக நிற்கின்றன. தென்னிந்தியத் தோட்டக்காரர் சங்கமான உபாசியின் ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகள் உழைத்துத் தேர்ந்தெடுத்தவை அவை. உபாசி-3 மகசூலுக்குப் பேர்போனது. அத்ரே என்று பெயர் வைத்த உபாசி-9 மகசூலும் தரும், வறட்சியும் தாங்கும். தரத்துக்கென்றே சொல்லப்படும் சி.ஆர்.6017 இருக்கிறது. இலங்கையின் ஆய்வு நிலையத்தில் உருவாகிக் கடல் கடந்து வந்த டி.ஆர்.ஐ.2025 இருக்கிறது. இவ்வளவு இருந்தும் அந்த ஹட்டிக்காரர் தாத்தா வைத்த செடியை ஏன் பிடுங்கவில்லை?

ஆய்வுக் கட்டுரைகளில் இதற்கு ஒரு வாடிக்கையான பதில் உண்டு. விவசாயியின் வயது, படிப்பு, விரிவாக்கப் பணியாளரை எத்தனை முறை சந்தித்தார், எந்தச் சங்கத்தில் உறுப்பினர் என்று கேள்வித்தாளில் கேட்டு, கணக்குப் போட்டு, படிப்பும் பயிற்சியும் கூடினால் புது ரகம் பரவும் என்று முடித்துவிடுகிறோம். நானும் மாணவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தருகிறவன்தான். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கேள்வித்தாள் விவசாயியின் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அவர் பறித்த இலையைச் சுமந்துகொண்டு எங்கே போகிறார், அங்கே அதை எதைப் பார்த்து வாங்குகிறார்கள், அந்த நிலத்துக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையெல்லாம் அது கேட்பதில்லை. ரகத் தேர்வையும் திறனையும் விவசாயியின் குணமாகப் பார்ப்பதை நாம் நிறுத்த வேண்டும் என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது. அவை பெரும்பாலும் அவர் இலைக்கு விலை வைக்கும் முறையின் விளைவுகள்.

இந்த எண்ணம் எனக்குத் திடீரென்று தோன்றியது அல்ல. 1957இல் ஸ்வி கிரிலிக்கஸ் என்ற பொருளியலாளர் அமெரிக்காவில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவிய விதத்தை ஆராய்ந்தார். அயோவாவில் சட்டென்று பரவிய விதை அலபாமாவில் ஏன் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது என்பது அவர் கேள்வி. அலபாமா விவசாயி பழைமைவாதி என்று சொல்லி முடித்துவிடாமல், அந்த மண்ணுக்கு ஏற்ற விதையை அங்கே எப்போது உண்டாக்கினார்கள், விற்றால் விதைக் கம்பெனிக்கு என்ன மிச்சம், வாங்கினால் விவசாயிக்கு என்ன மிச்சம் என்று பார்த்தார். பெரும்பகுதி விடை அங்கேயே கிடைத்தது. 1964இல் தியோடர் ஷூல்ட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். குவாத்தமாலாவின் பனாஹசெல், நம் நாட்டின் சேனாபூர் ஆகிய ஊர்களைப் பற்றிய விவரங்களை வைத்துக்கொண்டு, ஏழை விவசாயி தன்னிடம் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியதைச் சிறப்பாகவே செய்கிறார், வறுமைக்குக் காரணம் கைவசம் உள்ள வாய்ப்புகள்தாம் என்று வாதிட்டார். 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய கருத்தில் எனக்குச் சில மாற்றுக் கருத்துகள் உண்டு. ஆனாலும் விவசாயியின் முடிவுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது என்று நம்பித் தொடங்க வேண்டும் என்ற பாடத்தை அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டேன்.

நீலகிரி விவசாயி மாற்றத்துக்கு அஞ்சுகிறவர் என்று சொல்லவே முடியாது. மூன்று தலைமுறையில் அவர் தன் நிலத்தின் முகத்தையே மாற்றியிருக்கிறார். படுகர் ஹட்டிகளைச் சுற்றி ஒரு காலத்தில் சாமையும் ராகியும் வாற்கோதுமையும் விளைந்தன. ஆங்கிலேயர் காலத்தில் உருளைக்கிழங்கு வந்தது. கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று ஆண்டில் மூன்று போகம் கிழங்கு போட்டு, மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பினார்கள். கிழங்கை விற்றுக் கொடுப்பதற்கென்றே 1935இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் உருவானது. சாமை விதைத்த கை ஒரே தலைமுறையில் சந்தைப் பயிருக்குப் பழகிக்கொண்டது.

அந்தக் கிழங்குக்கு வந்த சோதனையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1961இல் உதகமண்டலத்தில் ஜோன்ஸ் என்ற அறிஞர் உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் தங்க நூற்புழுவைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் அது முதல்முறை. அந்தப் புழுவின் முட்டைகள் கூட்டுக்குள் இருந்தபடி மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நீலகிரி வித்துக்கிழங்கை மற்ற மாநிலங்களுக்கு அனுப்பத் தடை வந்தது. முத்தோரையில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம் நூற்புழுவையும் பின்பருவக் கருகல் நோயையும் எதிர்த்து நிற்கும் குஃப்ரி சுவர்ணா என்ற ரகத்தை 1985இல் வெளியிட்டது. அறிவியல் நோக்கில் அது பெரிய சாதனை. ஆனாலும் பழைய ரகமான குஃப்ரி ஜோதி பல வயல்களில் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மண்டிக்காரர் கிழங்கின் உருவத்தையும் தோலையும் பார்த்து விலை சொல்வார். மண்ணுக்குள் நூற்புழு குறைந்ததற்கு அவர் ஒரு பைசாவும் கூடுதலாகத் தரமாட்டார். புழு பெருகாமல் இருப்பதன் பலன் மூன்று போகம் கழித்து, பல வயல்கள் தாண்டி, ஊருக்கே வருகிறது. இழப்பு வந்தால் இந்தப் போகத்திலேயே, ஒரு குடும்பத்துக்கு வருகிறது. இப்படிப் பலன் ஓரிடத்திலும் செலவு வேறிடத்திலும் விழும்போது ரகம் தானாகப் பரவும் என்று எதிர்பார்க்க முடியாது.

நோய், விலை ஏற்ற இறக்கம், சரிவில் மண் அரிப்பு, வேலைக்கு ஆள் கிடைக்காமை எல்லாம் சேர்ந்து கிழங்குக் காட்டைத் தேயிலையாக்கின. 1960களில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றின் இணையமான இன்கோசர்வ் 1965இல் அமைந்தது. தேயிலை வாராவாரம் கையில் காசு தந்தது. பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் படிக்கவும் வேலைக்கும் போனாலும் செடி காத்திருக்கும். கிழங்கு காத்திருக்காது. இந்த மாற்றத்தைக் குறைசொல்கிறவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ஒற்றைப் பயிரை நம்பியது தவறு என்பார்கள். அன்றைய விலையையும் அன்றைய ஆள் பற்றாக்குறையையும் வைத்துப் பார்த்தால், அந்த இடத்தில் நின்ற எவரும் அதையே செய்திருப்பார்.

ஆனால் தேயிலைக்குள் வந்தவுடன் ரகத் தேர்வின் தன்மையே மாறிவிடுகிறது. கிழங்கில் ஒரு ரகம் சரியில்லை என்றால் நாலு மாதத்தில் தெரிந்துவிடும், அடுத்த போகத்தில் மாற்றலாம். நெல்லிலும் அப்படித்தான். தேயிலைச் செடியை ஒருமுறை நட்டால் ஐம்பது ஆண்டுக்கு மேலும் அது நிற்கும். நட்டவர் கையால் பிடுங்கும் நாள் வருவது அரிது. மகனோ பேரனோதான் பிடுங்க வேண்டும். புது ரகம் வேண்டுமென்றால் பழைய செடியை வேரோடு எடுத்து, மண்ணைத் தேற்றி, நாற்றங்காலில் பத்துப் பன்னிரண்டு மாதம் பாலித்தீன் பையில் வளர்ந்த நாற்றை நட வேண்டும். இரட்டை வரிசை முறையில் ஒரு ஹெக்டேருக்குப் பதின்மூன்றாயிரத்துக்கு மேல் செடி தேவை. மூன்றாம் ஆண்டில்தான் கொஞ்சம் இலை வரும். முழு மகசூல் ஐந்தாறு ஆண்டுக்குப் பிறகு. அந்த இடைவெளியில் களை எடுக்க வேண்டும், உரம் போட வேண்டும், கோடையில் நாற்றைக் காப்பாற்ற வேண்டும். நூறு ஹெக்டேர் எஸ்டேட் ஆண்டுக்கு இரண்டு ஹெக்டேரை மாற்றி நட்டால் மீதித் தோட்டம் அந்தச் செலவைத் தாங்கும். முக்கால் ஏக்கர்க்காரருக்கு மீதித் தோட்டம் ஏது? மானியம் மறுநடவுச் செலவில் ஒரு பகுதியைத் தருகிறது. அடுப்பெரிய வேண்டிய அந்த மூன்று நாலு ஆண்டுகளைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. புது ரகத்தின் மிகப் பெரிய விலை அந்த ஆண்டுகள்தாம்.

இன்னொரு தடையைக் கூடலூர், பந்தலூர் விவசாயிகள் நன்றாக அறிவார்கள். அங்கே நிலத்தின் பெரும்பகுதி ஜென்மி என்ற பழைய நிலக்கிழார்களின் எஸ்டேட்டுகளைச் சேர்ந்தது. 1969ஆம் ஆண்டின் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தும், பதினேழாம் பிரிவு நிலம் என்று சொல்லப்படும் பகுதியில் உரிமைச் சிக்கல் தீரவில்லை. பட்டா இல்லை என்றால் வங்கிக் கடன் இல்லை, தேயிலை வாரியத்தின் மறுநடவு உதவியும் கிடைப்பது கடினம். குன்னூர், கோத்தகிரி ஹட்டிகளில் சிக்கல் வேறு விதம்: நிலம் இருக்கும், ஆனால் கூட்டுப் பட்டாவில் பங்காளிகள் எல்லோர் பெயரும் இருக்கும். நாளைக்குப் பாகம் பிரித்தால் இந்தச் சரிவு யாருக்கு என்று தெரியாத நிலையில், ஐம்பது ஆண்டு நிற்கும் செடியை யார் நடுவார்? வெளியிலிருந்து பார்க்கிறவர் இதைத் தயக்கம் என்கிறார். என் கண்ணுக்கு இது நிதானமான கணக்காகவே தெரிகிறது.

மண்ணும் மழையும் ஓரிடம் போல இன்னோரிடம் இல்லை. கூடலூர்ப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுந்து துளிரைக் கருக்கும். விதைச் செடிக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும். போத்திலிருந்து வளர்ந்த குளோனுக்கு அப்படிப்பட்ட ஆணிவேர் இல்லை. மழை பொய்த்த ஆண்டில் தாத்தா வைத்த விதைச் செடி தாக்குப்பிடித்து நிற்பதைக் கண்ணால் பார்த்தவர், மகசூல் அட்டவணையைக் காட்டினால் உடனே மாறிவிடமாட்டார். ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி இருப்பதிலும் ஒரு பாதுகாப்பு உண்டு. 1946இல் கொப்புள நோய் தென்னிந்தியாவுக்கு வந்தபோது எல்லாச் செடியும் ஒரே அளவில் நோய்ப்படவில்லை. ஒரே குளோன் மலை முழுக்க நின்றால் அடுத்த நோய் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்கும். வறட்சி தாங்கும் வேர்ச்செடியின் மேல் தரமான ரகத்தை ஒட்டுக்கட்டும் முறையில் ஆராய்ச்சியாளர்கள் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். அந்த ஒட்டு நாற்று ஹட்டியின் பக்கத்து நாற்றங்காலில், சாதாரண நாற்றைவிடச் சற்றே கூடுதலான விலையில் கிடைத்தால் பாதிப் பயம் போய்விடும்.

இப்போது தராசுக்கு வருகிறேன். இன்றைய பேச்சில் நான் அதிக நேரம் நிற்கப்போவது இங்கேதான்.

நீலகிரியில் சிறு விவசாயி பறிக்கும் பசுந்தேயிலை கூட்டுறவுத் தொழிற்சாலைக்குப் போகும். அல்லது இலை வாங்கித் தூளாக்கும் தனியார் தொழிற்சாலைக்கு, பெரும்பாலும் ஒரு ஏஜெண்ட் வழியாகப் போகும். நாலு, நாலரைக் கிலோ இலையிலிருந்து ஒரு கிலோ தூள் வரும். பெரும்பகுதி சி.டி.சி. என்ற முறையில் நசுக்கி, கிழித்து, சுருட்டிய தூள். அதிலும் டஸ்ட் என்னும் பொடிக்குத்தான் நம் ஊர் டீக்கடைகளில் தேவை: பாலில் கலந்தாலும் நிறம் தூக்க வேண்டும், சுவை கடுக்க வேண்டும், ஒரு கரண்டித் தூளில் கூடுதல் கிளாஸ் வர வேண்டும். குன்னூரில் 1963 முதல் நடக்கும் ஏலத்தில் இந்தத் தூள்தான் மலைமலையாக விற்கிறது. இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பறித்த மூட்டையும், ஐந்தாறு இலையோடு முற்றிய தண்டையும் சேர்த்து வெட்டிய மூட்டையும் ஒரே தராசில், ஒரே விலையில், ஒரே வாடல் தொட்டிக்குப் போகின்றன.

இதற்கு மேல் ஒரு சட்ட ஏற்பாடும் உண்டு. 2003ஆம் ஆண்டின் தேயிலைச் சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ், ஏலத்தில் விற்ற விலையில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு என்று பங்கிடும் முறை இன்று நடப்பில் உள்ளது. மாதந்தோறும் மாவட்டச் சராசரி விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கிறது. விவசாயி ஏமாறக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வந்த ஏற்பாடு இது. ஆனால் சராசரி என்பது எல்லோருக்கும் பொது. ஒரு குடும்பம் உயிரைக் கொடுத்து மென்மையாகப் பறித்தாலும் மாவட்டச் சராசரி அசையாது. அந்த உழைப்பின் பலன் மாவட்டம் முழுக்கப் பரவிக் கரைந்துவிடும்.

அப்படிப்பட்ட தராசின் முன்னால் நிற்கும் விவசாயிக்கு எந்த ரகம் நல்ல ரகம்? எடை தரும் ரகம். எந்தப் பறிப்பு நல்ல பறிப்பு? ஆள்கூலிக்கு அதிக எடை தரும் பறிப்பு. அதனால்தான் கத்தரி வந்தது. கையால் பறிப்பவர் ஒரு நாளில் சேர்க்கும் இலையைப்போல இரண்டு மூன்று மடங்கை ஒரு கத்தரியால் சேர்த்துவிடலாம். எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை பறிக்க ஆளில்லாத தோட்டத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும். தரமான ரகம் நட்டு, அதைக் கத்தரியால் வெட்டி, முற்றல் இலையோடு கலந்து விற்பதில் எந்த அர்த்தமும் இல்லை என்று விவசாயிக்குத் தெரியும். அவர் தரமான ரகத்தை நடுவதில்லை. நாம் அதைத் தொழில்நுட்ப ஏற்பின்மை என்று எழுதுகிறோம்.

திறனை அளக்கும் முறையிலும் இதே பிழை நுழைந்திருக்கிறது. மாணவர்கள் இதை ஊன்றிக் கேட்க வேண்டும். 1957இல் ஃபாரல் என்பவர் திறனை எப்படி அளப்பது என்று வழி காட்டினார். ஒரே அளவு நிலம், உரம், ஆள் வைத்து மிக அதிகம் விளைவிப்பவரை எல்லையாக வைத்து, மற்றவர் அந்த எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று பார்ப்பது. 1977இல் ஐக்னர், லவல், ஷ்மிட் மூவரும், அவர்களுக்கு இணையாக மியூசென், வான் டென் புரூக் இருவரும் அந்த முறைக்குள் மழை, நோய் போன்ற தற்செயல்களைப் பிரித்தெடுக்கும் வழியைச் சேர்த்தார்கள். அருமையான கருவி. ஆனால் தேயிலை ஆய்வில் விளைச்சல் என்ற இடத்தில் நாம் எதை எழுதுகிறோம்? பசுந்தேயிலை, கிலோவில்.

அடுத்தடுத்து இரண்டு தோட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவு ஒன்று, உரம் ஒன்று, செடியின் வயது ஒன்று. முதல் தோட்டத்தில் ஒரு அம்மா எட்டு நாளுக்கு ஒருமுறை கையால் கொழுந்து பறிக்கிறார். இரண்டாம் தோட்டத்தில் இருபது நாளுக்கு ஒருமுறை கத்தரி விழுகிறது. கிலோவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டாமவர் திறன் மிக்கவர், முதல் தோட்டத்து அம்மா வீண்செலவுக்காரர். அவர் கூடுதலாகச் செலவிட்ட ஆள்நாள் எல்லாம் திறனின்மை என்ற கட்டத்தில் போய் விழும். நல்ல தேயிலையைத் தருகிறவரைத் திறனற்றவர் என்று முத்திரை குத்தும் அளவுகோலை வைத்துக்கொண்டு, இந்த வட்டாரத்து விவசாயிகளுக்குப் பயிற்சி தேவை என்று பரிந்துரை எழுதுவது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. தொழிற்சாலை வாசலில் உள்ள தராசு செய்யும் அநியாயத்தை நம் கணக்கும் அப்படியே திரும்பச் செய்கிறது. அது மட்டுமில்லை: செடியின் வயது, விதைச் செடியா குளோனா, கவாத்து வெட்டி எத்தனையாவது ஆண்டு என்பதைக் கேட்காமல் விட்டால், கவாத்து வெட்டிய ஆண்டில் எல்லோருமே திறனற்றவர்களாகத் தெரிவார்கள். நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து வெட்டியே ஆக வேண்டும் என்பது தேயிலைக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த செய்தி.

திறன் என்பது விவசாயிக்குள் மட்டும் இருக்கும் பொருள் அல்ல என்பதற்கு இலங்கையில் நடந்ததைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அங்கே தேயிலை உற்பத்தியில் பெரும்பங்கு காலி, மாத்தறை, இரத்தினபுரி போன்ற தாழ்நிலப் பகுதிச் சிறு தோட்டக்காரர்களுடையது. அவர்களுடைய இலை வடிவத் தேயிலைக்கு மத்தியக் கிழக்கு நாடுகளில் நல்ல கிராக்கி. இலங்கை 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. சில மாதங்களில் தடையைத் திரும்பப் பெற்றும், ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த 2021ஆம் ஆண்டு உற்பத்தி, 2022இல் 25 கோடிக் கிலோ அளவுக்குச் சரிந்தது. செடியும் மண்ணும் மாறவில்லை, பறித்த கைகளும் மாறவில்லை. மேலே எடுத்த ஒரு முடிவு இலட்சக்கணக்கான தோட்டங்களின் விளைச்சலைக் கீழே தள்ளியது.

கென்யாவின் பாடம் வேறு. அங்கே 1964இல் அரசு அமைப்பாகத் தொடங்கிய கென்யத் தேயிலை வளர்ச்சி முகமை (கே.டி.டி.ஏ.) 2000ஆம் ஆண்டில் விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் நிறுவனமாக மாறியது. அதன் இலை வாங்கும் நிலையத்தில் இரண்டு இலை, ஒரு கொழுந்து என்ற அளவைப் பார்த்து, முற்றலை அங்கேயே கழித்துவிடுவார்கள். மாதம் ஒரு தொகை; ஆண்டு முடிவில், தூள் விற்ற விலையைப் பொறுத்து, இரண்டாவது தொகை. அந்தத் தொகையைப் பற்றி ஆண்டுதோறும் சண்டையும் உண்டு. நிர்வாகத்தின் மீது விவசாயிகளுக்குக் கோபமும் உண்டு. ஆனாலும் தரத்துக்கும் கைக்கு வரும் காசுக்கும் ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கிறது. அங்கே சிறு தோட்டங்களில் பரவலாக நிற்கும் டி.ஆர்.எஃப்.கே.6/8 என்ற குளோன் தரத்துக்குப் பேர் பெற்றது.

அதே கென்யாவில் ஊதாத் தேயிலையின் கதையும் நடந்தது. 2011இல் டி.ஆர்.எஃப்.கே.306 என்ற ஊதா நிற இலை கொண்ட ரகம் வெளியானது. ஆந்தோசயனின் நிறைந்தது, உடலுக்கு நல்லது, வெளிநாட்டில் பன்மடங்கு விலை போகும் என்று சொன்னார்கள். விவசாயிகள் நம்பி நட்டார்கள். நட்ட பிறகு பார்த்தால் ஊதா இலையைத் தனியாகப் பதப்படுத்தும் வசதி மிகச் சில தொழிற்சாலைகளில்தான் இருந்தது. பலருடைய ஊதா இலை பச்சை இலையின் விலைக்கே போனது. ரகம் நல்ல ரகம்தான். அந்த இலையை ஊதா இலையாகப் பார்த்து வாங்கும் தராசு அங்கே இல்லை. புது ரகம் வெளியிடும் ஒவ்வொரு ஆய்வு நிலையமும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

நீலகிரிக்குத் திரும்புகிறேன். 1991இல் சோவியத் ஒன்றியம் சிதறியபோது குன்னூரின் பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார். அந்தப் பத்தாண்டின் கடைசியில் விலை விழுந்தது. விழுந்த விலை விவசாயியைப் பல ஆண்டுகள் எழ விடவில்லை. 2023 செப்டம்பரில் ஹட்டிக்கு ஹட்டி விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். உற்பத்திச் செலவு கிலோவுக்கு 22.50 ரூபாய், அதன் மேல் பாதி சேர்த்து 33.75 ரூபாய் குறைந்தபட்ச விலை வேண்டும் என்பது கோரிக்கை. அது நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன். செலவைக்கூட எடுக்க முடியாத விலையில் ஒருவரிடம் தரம், புது ரகம், மறுநடவு என்றெல்லாம் பேசுவது அவரை அவமதிப்பதாகும்.

விலை கிடைக்கட்டும். அதோடு சில ஏற்பாடுகளும் சேர வேண்டும். இலை சேகரிக்கும் இடத்திலேயே ஒரு கைப்பிடி இலையை எடுத்து, மென்கொழுந்து எத்தனை பங்கு என்று எண்ணி, விவசாயியின் அட்டையிலேயே எழுத வேண்டும். அந்தப் பங்குக்கு ஏற்ற கூடுதல் விலை அந்த மாதமே வர வேண்டும். கூட்டுறவுத் தொழிற்சாலைகள்தாம் இதைத் தொடங்கச் சரியான இடம். அங்கே உறுப்பினர் விவசாயிதான் முதலாளி. முதலில் ஒரு தொழிற்சாலை, அதிலும் மென்கொழுந்தைத் தனித் தொட்டியில் வாட்டித் தனியாக ஏலத்துக்கு அனுப்பும் ஒரு வரிசை போதும். மறுநடவை ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்காகவோ, காய்ந்துபோன செடிகளின் இடத்தில் மட்டும் நாற்று நடுவதாகவோ பிரித்துக்கொள்ளலாம். அந்த இடைக்கால ஆண்டுகளுக்கு மானியத்தில் ஒரு பகுதியை மாதச் சம்பளம்போலத் தர வேண்டும். கூடலூர்ப் பக்கம் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றி அந்த ஆண்டுகளைக் கடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. பட்டா விஷயம் வருவாய்த் துறையின் கையில் இருக்கிறது. பயிர் விளைச்சலைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் அந்தத் துறையின் அதிகாரி ஒருவரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தேயிலை விவசாயியிடம் கேள்வித்தாளோடு போகும்போது, அவர் படிப்பைக் கேட்பதற்கு முன் நாலு விவரம் எழுதுங்கள்: செடி விதையா குளோனா, அதன் வயது என்ன, கவாத்து வெட்டி எத்தனை ஆண்டு, இலை எந்தத் தராசுக்குப் போகிறது. விளைச்சல் என்ற இடத்தில் கிலோவோடு மென்கொழுந்துப் பங்கையும் பெருக்கி எழுதுங்கள். முடிந்தால் பறிக்கும் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். எந்தச் செடி முன்னால் துளிர்க்கும், எது வறட்சியில் தாங்கும், எந்த இலை கையில் எளிதாக ஒடியும் என்று அவர்களுக்குத் தெரியும். ரகத் தேர்வு பற்றிய நம் கேள்வித்தாள்கள் பெரும்பாலும் பட்டாவில் பெயர் உள்ள ஆணிடமே போகின்றன.

விவசாயிகளிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் போராட்டத்தை மதிக்கிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன். குறைந்தபட்ச விலை கிலோவுக்கு இவ்வளவு என்று மட்டும் வந்தால், நாளைக்கும் அது எடைக்குக் கிடைக்கும் விலையாகவே இருக்கும். கத்தரியும் நிற்கும், தாத்தா வைத்த செடியும் நிற்கும். அடுத்த முறை ஆட்சியரிடமும் வாரியத்திடமும் மனுக் கொடுக்கும்போது, மென்கொழுந்து பாதிக்கு மேல் இருந்தால் இன்ன விலை, முக்கால் பங்குக்கு மேல் இருந்தால் இன்ன விலை என்று படிவரிசையாக எழுதி, அதையும் கோரிக்கையில் சேருங்கள். அதை எண்ணிப் பார்க்கத் தொழிற்சாலை வாசலில் உங்கள் சங்கத்தின் ஆள் ஒருவர் நிற்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.